சந்தனம் பூசிய ஹெட்லைட்

திருத்தணியில் ஸ்டியரிங் பிடித்தவர்களிலேயே இருட்டுக்கு அதிகம் பயந்தவர் யாரென்று கேட்டால், மலையடிவாரத்துப் பூக்காரி முதல் தாலுகா ஆபீஸ் பியூன் வரை ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'வெளிச்சம்'. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

கல்யாணச் சமையல்காரர். தொண்ணூறுகளில் ஒரு பழைய வேனை வாங்கி, அடுப்பு, அண்டா, படுக்கப் பலகை எல்லாம் உள்ளே ஏற்றி, அதிலேயே குடித்தனம் நடத்தினார். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் ஆள் ஒடுங்கிப் போவார். ஹெட்லைட் மினுக் மினுக்கென்று எரியும். சாலையில் புளியமர நிழல் விழுந்தாலும் "எருமை!" என்று அலறி பிரேக்கை மிதிப்பார். இறங்கிப் போய் நிழலைக் காலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும்.

இந்த மனிதரைத்தான் என் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் நைனா அமர்த்தினார். கல்யாணம் பள்ளிப்பட்டில், விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரோ, பந்தியில் குறை கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர்கள்.

"நீ அவரு கூடவே போடா. எருமை எருமைன்னு வழியில நின்னுகினு இருந்தாருன்னா, காலையில பொங்கல் இல்லாம நம்ம மானம் பூடும்" என்று நைனா என்னை வேனில் ஏற்றினார்.

வெளிச்சமும் சும்மா இல்லை. இந்தப் பயணத்துக்காகவே பழைய விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஹாலஜன் மாட்டியிருந்தார்.

"இனிமே எருமை ஆந்திராவுல நின்னாலும் இங்கேர்ந்தே தெரியும் தம்பி!"

புதுச் சாமானுக்குப் பூஜை போடாமல் விடுவாரா? அடிவாரத்தில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு ஹெட்லைட் கண்ணாடியிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். பகலில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

ஊரைத் தாண்டியதும் இருட்டியது. ஸ்விட்சைப் போட்டார். பழைய விளக்கே தேவலாம் என்று ஆகிவிட்டது. பகல் வெயிலில் சந்தனம் காய்ந்து அடையாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தொடைச்சிட்டுப் போலாம்."

"ஐயையோ, சாமி சந்தனம் தம்பி! கல்யாணத்துக்குப் போற வண்டியில அதைத் தொடைப்பாங்களா?"

துடைக்கவும் மாட்டேன், இருட்டில் ஓட்டவும் மாட்டேன் என்று வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். மணக்கோலத்தில் தங்கை தலைகுனிந்து நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"சாமிக்கே சந்தனக் காப்பை எப்படிண்ணே எடுக்கறாங்க? அபிஷேகம் பண்ணித்தானே?"

"ஆங்! அது நாயம்!" என்று துள்ளிக் குதித்தார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, "அரோகரா!" என்று அப்படியே ஊற்றினார். விளக்கின் சூட்டில் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடி 'டப்'பென்று வெடித்தது.

"ஒரு கண்ணு பூட்ச்சே!" என்று தலையில் கை வைத்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். மற்றதை அணைத்து, அடுப்பு விசிறியால் விசிறி ஆறவைத்து, கரண்டி கரண்டியாக அபிஷேகம் செய்து மீட்டோம்.

பிறகு ஒற்றை விளக்கில் பயணம். எதிரே வந்த லாரிக்காரர்கள் எங்களை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து மேலேயே வந்தார்கள். நான் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அதோ, எருமையாட்டம் கீதே தம்பி?"

"நிழல்ண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

நடுங்கினார், முனகினார். ஆனால் அவர் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. "பொண்ணு காத்துகினு இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

விடியும் முன்பே பொங்கல் மணத்தது. கிளறிக்கொண்டிருந்த அவர் கை வெடவெடவென்று ஆடுவதை நைனா பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, கை இப்படி நடுங்குது?"

"குளுருதுங்க" என்றார் வெளிச்சம்.

சித்திரை மாதம். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னால் முதல் இலையை அவருக்குப் போட்டேன்.