எவாங்கெலிஷ் அண்ணையின் கலியாணம்

ஒரு ஜேர்மன் சொல்லுக்காகத் தன் கலியாணத்தையே குழப்பத் துணிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், எங்களோடுதான் இருந்தார்!

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரே வீட்டில் ஐந்து பிரமச்சாரிகள். அண்ணை மன்னாரிலிருந்து ஜேர்மனி போய், அங்கிருந்து மொன்றியல் வந்தவர். மற்றவர்கள் ஜேர்மனியிலிருந்து தோல் கோட்டுக் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது 'எவாங்கெலிஷ்' என்ற ஒரே ஒரு சொல். அங்கே புரட்டஸ்தாந்துச் சபையை அப்படித்தான் சொல்வார்களாம். அதனால் எங்களுக்கு அவர் எவாங்கெலிஷ் அண்ணை.

"கிரேக்கத்திலை இருந்து வந்த சொல்லடா! நற்செய்தி எண்டு அர்த்தம். அதுக்கும் முந்தி என்ன தெரியுமோ? நல்ல செய்தி கொண்டு வாறவனுக்குக் குடுக்கிற பரிசு!"

சொல்லோடு விட்டாரா? வீட்டுச் சட்டமாக்கிவிட்டார். நல்ல செய்தியோடு வருபவன் வாய் திறக்குமுன் அவன் கையில் ஒரு மீன் கட்லட் இருக்க வேண்டும். பொரிப்பது அவரே. மெட்ரோ நேரத்துக்கு வந்தது, பனி நின்றுவிட்டது என்று நாங்கள் ஓடி ஓடிக் கொண்டுவந்த செய்திகள் கொஞ்சமல்ல.

மன்னாரிலிருந்து பெண் வந்து இறங்கினார், ஜெசிந்தா. சனிக்கிழமை கலியாணம். வியாழக்கிழமை அண்ணை, ஜெசிந்தா, நான் மூவரும் பங்கு ஃபாதரிடம் போனோம். அண்ணையின் ஞானஸ்நானப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. கையில் இருந்தது ஜேர்மனியில் பதிந்த பத்திரம் மட்டும். அதில் சமயம் என்ற இடத்தில், எவாங்கெலிஷ்!

"நீர் கத்தோலிக்கன் எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம் ஃபாதர். நற்செய்தி எண்டால் எனக்கும் பொருந்தும்தானே எண்டு எழுதினனான்."

"சரி, பிழையா எழுதிப்போட்டன் எண்டு ஒரு கையெழுத்து வையும்."

"மாட்டன்."

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"பனிக்குள்ளை நிண்டவனுக்குக் கட்டில் தந்தது அந்தச் சபை, ஃபாதர். அதைப் பிழையெண்டு எழுத ஏலாது."

ஃபாதர் பதிவேட்டை மூடினார். போச்சு, கலியாணம் போச்சு! ஜெசிந்தா ஆறுதலாகக் கைப்பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். அண்ணையின் ஞானஸ்நானப் பதிவின் பிரதி, மன்னார்க் கோயில் முத்திரையோடு!

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" அண்ணை கத்தினார்.

"நல்ல செய்தி கொண்டு வாறவைக்கு முதல் கட்லட் எண்டு நீங்கள்தானே கடிதத்திலை எழுதினனீங்கள்? வந்து மூண்டு நாள். ஒண்டையும் காணேல்லை!"

ஃபாதர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. மேசை லாச்சியை இழுத்து, பிஸ்கட் பெட்டியை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

சனிக்கிழமை சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். தனக்கு இடம் கொடுத்தவர்களை மறுக்கத் தெரியாத அந்த மனிதரின் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.