முக்கியக்காவும் கறுத்த தேநீரும்

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், முக்கியக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பொருளை வைத்த நிறத்திலேயே திரும்ப எடுத்தவர் ஒருவரும் கிடையாது.

அக்கா அங்கே உதவியாளர். தேயிலையிலும் கடுக்காயிலும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புச் சத்து இருக்கிறதல்லவா, அதைக் கரைத்த நீரில் இரும்பு உப்பைச் சேர்த்தால் இரண்டும் இணைந்து, உள்ளே கிடக்கும் எதன் மீதும் மெல்லிய கரும்படலமாகப் படிந்துவிடும். மருந்தைப் பொதிந்து உடலுக்குள் அனுப்ப அது உதவுமா என்று எங்கள் விரிவுரையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வேறு கவலை. அது எதன்மேல் ஒட்டாது என்று தெரிந்தாக வேண்டும். கோழிமுட்டை, சீப்பு, செருப்பு வார் என்று எல்லாவற்றையும் முக்கினார். அப்படி வந்த பெயர்தான் முக்கியக்கா. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அவரை ஏதோ முக்கியமானவர் என்று எண்ணி எழுந்து நின்று வணங்கினார். அக்கா அவருடைய பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியும் போயிற்று.

"நான் எப்படிக்கா வீட்டுக்குப் போறது?"

"மோட்டார்ல போகாத தம்பி, பஸ்ல போ. நாளைக்குத் துடைச்சுத் தாரேன்லா."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச வேண்டியதாயிற்று.

ஈப்போவுக்குத் தெற்கே, சுங்காய் ஊர்ப் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், என் சித்தி மகள் வசந்தா இருந்தாள். அவள் கணவன் தூக்கத்திலேயே இறந்துபோனான். கருமாதியன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் பிடித்து அவள் போட்ட தேநீர் மைபோலக் கறுத்துவிட்டது. கணவனின் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "என் தம்பிக்கும் இப்படித்தான் எதையோ கலக்கிக் கொடுத்திருக்கா" என்றார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வசந்தா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா கையில் இருந்த குடுவையை அசைக்கவில்லை.

"சனிக்கிழமை போலாம். மோட்டார்சைக்கிள் வேணாம், உன் காடியை எடு."

அந்தச் சனிக்கிழமை, கணவனின் அண்ணனையும் அக்கம்பக்கத்தாரையும் அக்காவே போய் வசந்தா வீட்டுக்கு அழைத்து வந்தார். கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் ஒரு தேநீர், சிவப்பாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒன்று, கறுத்தது.

"நீங்க எதையாச்சும் போட்டிருப்பீங்க" என்றார் அண்ணன்.

"சரிண்ணே, நீங்களே போடுங்க. உங்க கை, உங்க தூள். நான் வெளிய நிக்கிறேன்."

அவர் கிணற்றுத் தண்ணீரில் போட்டார். கறுத்தது. அக்கா உள்ளே வந்து அதில் எலுமிச்சை பிழியச் சொன்னார். கறுப்பு வெளுத்தது.

"கிணத்துத் தண்ணியில இரும்பு இருக்குண்ணே. தேயிலையோட சேந்தா இப்படித்தான் ஆகும். இதை வரவழைக்கத்தான் நாங்க தினமும் வேலை பாக்குறோம். உங்க வீட்டுல அது தானா வந்திருச்சு."

பிறகு எலுமிச்சை பிழியாத கறுப்புத் தேநீரை எடுத்து, எல்லார் முன்னாலும் நிதானமாகக் குடித்து முடித்தார். "சீனி பத்தல" என்றார்.

அண்ணன் தன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சாத்தியிருந்த கதவருகே போய் நின்றார்.

"வசந்தா, நான் பேசினது தப்பு. வெளிய வாம்மா. எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்து."

கதவு திறந்தது. வசந்தா வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நாங்கள் விடைபெற்றுக் கிளம்பினோம்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், தாப்பா என்ற ஊரை நெருங்கும்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னு யாருமே கேக்கல. நானும் கேக்கல. தண்ணியப் பத்தியே பேசிட்டு வந்துட்டேன்."

"போய் போன் பண்ணிக் கேக்கலாம்க்கா."

"போன்ல கேட்டா சாப்பிட்டேன்னுதான் சொல்லும்."

தாப்பாவில் இறங்கி இடியப்பம் மூன்று பொட்டலம் கட்டி வாங்கினோம். எனக்கும் பசிதான். ஆனால் மூன்றையும் வசந்தாவுக்கென்றே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுங்காய்க்கே வண்டியைத் திருப்பினேன்.