நிச்சயதார்த்தத்தன்று சர்க்கரை இறங்கிய விவரம்

கவரைப்பேட்டை
17-8-2006

மரியாதைக்குரிய மச்சான் பூவராகவன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஏழுமலை வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆரம்பாக்கத்தில் நீங்களும் அக்காவும் வினோதாவும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாக நீங்கள் என்னோடு பேசவில்லை. பெண்ணுக்குப் பெரிய இடம் அமைந்ததும் உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றே நினைத்திருந்தேன். நேற்றுதான் விஷயம் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டியில் சர்க்கரை நோய் முகாம் போட்டிருந்தார்கள். இன்சுலின் போடுகிறவர்களைத் தனியாக உட்காரவைத்து, இர்பானா என்று ஒரு பெண், சென்னையில் படிக்கிறதாம், சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயம் யாருக்கு எவ்வளவு என்று அளக்க ஒரு தாளைக் கொடுத்தது. பயமே இல்லையென்றால் பூஜ்யம், எப்போதும் பயமென்றால் நாலு. இருபத்திரண்டு வருஷம் உருக்காலையில் பழுக்கக் காய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் நின்றவன் நான், எனக்கென்ன பயம் என்று எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு தாள் உண்டாம். உங்கள் தங்கை செங்கம்மாள் கண்ணாடி எடுத்து வராததால் அந்தப் பெண்ணே சத்தமாகப் படித்தது.

"அவர் தனியா வெளியே போனா பயப்படுவீங்களா?"

"பஸ் ஸ்டாண்டு வரிக்கும் பின்னாலயே போறேன்மா. அவருக்குத் தெரியாது. நாலு போடு."

"நாலு பேர் முன்னால சர்க்கரை இறங்கி நிதானம் தவறிடுவாரோன்னு பயம் இருக்கா?"

"தவறிடுவாரோ இன்னா, தவறிட்டாரு. எங்க அண்ணன் பொண்ணு நிச்சயத்துல..."

மச்சான், அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அன்று எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் ஐயர் வந்ததே பத்தரைக்கு, அதுவரை வெறும் தண்ணீர்தான். வரிசைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றேனாம். உங்கள் சம்பந்தியைப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, கேண்டீன்ல வடை இன்னும் வரல?" என்று அதட்டினேனாம். செங்கம்மாள் ஓடிவந்து வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாளாம். சட்டை பிசுபிசுத்தது ஒன்றுதான் எனக்கு நினைவு. வெயில் மயக்கம் என்று சொல்லி இத்தனை நாள் மூடிவைத்திருக்கிறாள். ஏண்டி சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா ஊசியே வாணான்னுடுவ. அதான் உனுக்கும் சேத்து நானே பயந்துக்கினேன்" என்றாள். அவள் தாளில் ஒரு பூஜ்யம்கூட இல்லை, மச்சான்.

மாப்பிள்ளை வேலை செய்யும் கம்பெனியை ஆறு மாதத்தில் இழுத்து மூடிவிடுவார்கள் என்று நான் சபையில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதுவும் சர்க்கரை செய்த வேலையாகத்தான் இருக்கும். பெரிய மனசு வைத்து எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டும். வினோதாவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்து, அவள் நிறைவாக வாழட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
ஏழுமலை

பின்குறிப்பு: உறையில் போடுமுன் செங்கம்மாள் படித்துக்காட்டச் சொன்னாள். கம்பெனியைப் பற்றி நான் பேசியது, சாப்பிட்டு முடித்து வெற்றிலையும் போட்ட பிறகாம். "அப்போ விரல்ல குத்திப் பாத்தேன், சக்கரை நூத்தி அறுவது இருந்துச்சு. தெளிவாத்தான் பேசின. மொத நாளு ஊட்லயும் அதையேதான் சொல்லிக்கினு இருந்த" என்கிறாள். ஆகவே பழத்துக்கும் வடைக்கும் மட்டும் மேற்படி மன்னிப்பை எடுத்துக்கொள்ளவும். மற்றதற்கு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். கம்பெனி இன்னும் ஓடுகிறதா?