குமரேசன் வாங்காத கார்

“கரண்டு காரை நான் வாங்கவே மாட்டேன். வாங்கினேன்னா நான் குமரேசனே இல்ல!”

ஆரணிக் கோட்டை மைதானத்துப் பக்கமுள்ள டீக்கடையில், பத்துப் பேர் முன்னிலையில் இப்படி ஒரு சபதத்தைப் போட்டார் பட்டுச் சேலை வியாபாரி குமரேசன். சாதாரண சபதம் இல்லை. பெஞ்சைத் தட்டிப் போட்ட சபதம். தட்டிய வேகத்தில் பக்கத்திலிருந்தவரின் டீ கவிழ்ந்தது. அதற்கும் சீனாதான் காரணம் என்றார்.

குமரேசன் எதையும் லேசில் நம்ப மாட்டார். தொழில் அப்படி. பட்டு என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் ஓரத்தில் ஒரு இழையை உருவுவார். தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்துவார். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்ப்பார். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் பொடிந்தால் அசல் பட்டு. உருகி உருண்டையானால் போலி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். ஒருமுறை சம்பந்தி வைத்துக் கொடுத்த வேட்டியின் இழையைச் சம்பந்தி எதிரிலேயே கொளுத்திப் பார்த்துவிட்டார். பட்டு அசல்தான். சம்பந்திதான் இன்றுவரை பேசுவதில்லை.

உலக அரசியலையும் அவர் இதே மாதிரிதான் மோந்து பார்த்தார்.

“பட்டு நூல்ல இன்னா பண்ணான் சைனாக்காரன்? மொதல்ல சல்லிசா குடுத்தான். நம்ம நூலை ஒருத்தனும் சீண்டல. அப்பால ஏத்தினான் பாரு வெலைய! கரண்டு காரோட பேட்டரியும் அவங்கிட்டேர்ந்துதான் வருது, அதுவும் அதே கததான். ஊரெல்லாம் கரண்டு கார வாங்கிகினு குந்திகினு இருக்கும். அவன் அங்கேர்ந்து ஒரு பட்டனை அமுக்குவான். ஆரணிலேர்ந்து வேலூர் வரிக்கும் அத்தினி வண்டியும் நட்டுக்கினு நின்னுடும்!”

“பெட்ரோலு மட்டும் நம்ம ஊரு கெணத்துலயா ஊறுது?” என்றார் டீ கொட்டிய ஆசாமி.

“அது வேற சமாச்சாரம். எண்ணெய் எவன் கையில இருக்குதோ, அவன் சொல்றதத்தான் மத்தவன் கேக்கணும். அதுல ஒரு ஒழுங்கு இருக்குது.”

அந்த ஒழுங்கு வேறெங்கு இருந்ததோ இல்லையோ, குமரேசன் வீட்டில் இருந்தது. வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார். அதன் சாவி குமரேசனின் இடுப்பில். அவர் மனைவி ஸ்வர்ணலதா லைசென்ஸ் வாங்கியவள், அவரைவிட நன்றாகவே ஓட்டுவாள். போளூர், கலசப்பாக்கம் என்று ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் சேலை விற்பவளும் அவள்தான். கடையில் உட்கார்ந்து குமரேசன் விற்பதைவிட அவள் விற்பது அதிகம். ஆனாலும் சாவிக்கும் பெட்ரோலுக்கும் ஒவ்வொரு தடவையும் கையேந்த வேண்டும். திரும்பி வந்தால் குமரேசன் முதலில் பார்ப்பது மனைவியின் முகத்தை அல்ல, பெட்ரோல் முள்ளைத்தான்.

“கலசப்பாக்கம் போய்ட்டு வர்றதுக்கு முள்ளு இம்மாந்தூரமா எறங்கும்?”

“ஏசி போட்டேங்க.”

“இன்னாத்துக்கு?”

“வேர்த்துச்சுங்க.”

“யாருக்கு?”

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஸ்வர்ணலதா ஒருநாள், “கரண்டு கார் வாங்கிடலாம்ங்க. வூட்லயே சார்ஜ் போட்டுக்கலாம். பெட்ரோலுக்குக் கொட்றதுல கால்வாசிகூட ஆவாதாம்” என்றாள். குமரேசன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டிலேயே கரண்ட் என்றால் பெட்ரோலுக்குத் தன்னிடம் வரமாட்டாள். முள் கிடையாது. கேள்வி கிடையாது. சீனாக்காரன் பட்டனை அமுக்குவதெல்லாம் பிற்பாடு. முதல் ஆபத்து சமையலறையிலிருந்தல்லவா வருகிறது! அதனால்தான் டீக்கடையில் அந்தச் சபதம்.

சபதம் போட்ட கையோடு, சண்டைக்குத் தயாராக வீட்டுக்கு வந்தார். டீக்கடைச் சேதி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஸ்வர்ணலதா சூடாக வெங்காய போண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்க சொன்னது வாஸ்தவம்ங்க. கரண்டு காரு நமக்கு வேணாம்.”

போண்டா பாதி வழியில் நின்றது.

“இன்னா சொன்னே?”

“வேணாம்னேன். பழைய பெட்ரோல் வண்டியே போதும். எனக்கு அதுதான் சௌகர்யம்.”

குமரேசன் போண்டாவைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இவள் ‘நீங்கள் சொன்னது வாஸ்தவம்’ என்று சொல்லிக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. இப்போது கேட்டதும் பயமாகிவிட்டது. சௌகர்யமாமே! என்ன சௌகர்யம்? பெட்ரோல் வண்டியில் அவளுக்கு மட்டும் தெரிந்த சௌகர்யம் என்ன இருக்கிறது?

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் காரைக் குடைந்தார். சீட்டுக்கடியில் ஒரு ஹேர்பின், ஒரு கடலை மிட்டாய் உறை. டிக்கியில் சேலை சுற்றிய பழைய துணி. ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. நன்றாக மறைத்திருக்கிறாள்!

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அருணகிரி காம்பவுண்டு சுவர் ஓரமாக வந்து நின்றார். தேசூரில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர். அவர் வீட்டில் ஆறு மாதத்துக்கு முன்பே மின்சாரக் கார் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டின் மேல் குமரேசன் பொருளாதாரத் தடை விதித்திருந்தார். காபி கிடையாது, பேப்பர் இரவல் கிடையாது, ஏணி கிடையாது. இருந்தாலும் அருணகிரி பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணா, கரண்டு காரு வேணாம்னு அண்ணி சொல்லிட்டாங்களாமே?”

“ஆமா. உனக்கு இன்னா அதுல?”

“ஒண்ணுமில்லணா. எல்லா வூட்லயும் பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க.” அருணகிரி குரலைத் தாழ்த்தினார். “அந்தக் காரு எங்க போவுது, எங்க நிக்குது, எத்தினி நேரம் நிக்குது, அத்தினியும் போன்ல தெரிஞ்சிடும்ணா. வூட்ல குந்திகினே பாக்கலாம்.”

குமரேசனுக்கு மூளையில் பளிச்சென்று விளக்கெரிந்தது. ஆகா! அதுதான் சங்கதி! பெட்ரோல் முள், எவ்வளவு குறைந்தது என்றுதான் சொல்லும். எங்கே குறைந்தது என்று சொல்லாது. அதனால்தான் அவளுக்குப் பழைய வண்டி சௌகர்யம்! சீனாவை விடுங்கள், உளவுத்துறையை நடத்துகிற வல்லரசுகளெல்லாம் ஸ்வர்ணலதாவிடம் பாடம் படிக்க வேண்டும். விடுவிடுவென்று வீட்டுக்குள் மனைவியிடம் போனார்.

“ஏய், ஞாயித்துக்கிழமை வேலூர் போறோம். கரண்டு காரு பாக்கறதுக்கு!”

“ஐயோ, வேணாம்ங்க! சைனாக்காரன் பட்டனை அமுக்கினா?”

“அமுக்கட்டும்!”

“டீக்கடையில சபதம் போட்டீங்களே?”

“அத நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று குமரேசனுக்குத் திருப்தி.

வேலூர் ஷோரூமில் ஜெயப்ரியா என்ற பெண் மரியாதையாக வரவேற்று, காரின் கதவைத் திறந்து உட்கார வைத்தாள். “சீட்டெல்லாம் பிரீமியம் சார்” என்றாள். பிரீமியம் என்ற சொல்லைக் கேட்டதும் குமரேசனின் விரல்கள் தாமாகவே சீட்டின் தையல் ஓரத்துக்குப் போயின. ஒரு இழையை உருவினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தார்.

“சார்! சார்! இன்னா சார் பண்றீங்க!”

ஜெயப்ரியா போட்ட சத்தத்தில் நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர். குமரேசன் அசரவில்லை. உருகிய இழையை விரலில் உருட்டிக் காட்டினார்.

“நைலானு! இதான் பிரீமியமா?”

“பேட்டரி வண்டிக்குள்ள யாராவது நெருப்பு வெப்பாங்களா சார்?”

“அசல் சரக்கா இருந்தா நெருப்புக்கு ஏம்மா பயப்படணும்?”

நெருப்புப் பேச்சை மறக்கடிக்க, ஜெயப்ரியா காரின் வித்தைகளைக் காட்டத் தொடங்கினாள். அவள் தன் போனை எடுத்து எதையோ தொட்டாள். குமரேசன் உட்கார்ந்திருந்த காரின் விளக்குகள் கண்ணடித்தன. ஹாரன் ஒருமுறை கத்தியது. ஏசி ஜிலுஜிலுவென்று ஊதியது. அவள் நீட்டிய போன் திரையில் ஊர் வரைபடமும், அதில் கார் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளியும் தெரிந்தன. குமரேசன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சொன்னேனே, பட்டன்! பட்டன் இருக்கிறது! அடுத்த கணமே நிதானத்துக்கு வந்தார். பட்டன் சீனாக்காரன் கையில் இருந்தால் சதி. குமரேசன் கையில் இருந்தால் ராஜதந்திரம்.

“வண்டிய புக் பண்ணு!” என்றார்.

“யார் பேர்ல சார்?”

இங்கேதான் குமரேசன் தன் முழுத் திறமையையும் காட்டினார். டீக்கடை கண் முன்னே வந்தது. பெஞ்சு வந்தது. டீ கொட்டிய ஆசாமி வந்தார். தன் பேரில் வாங்கினால் ஆரணியில் தலைகாட்ட முடியாது. மனைவி பேரில் வாங்கினால்? ‘நான் எங்கய்யா வாங்கினேன்? அது அவ வண்டி!’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

“எழுதும்மா. ஸ்வர்ணலதா.”

“என் பேர்ல இன்னாத்துக்குங்க? எனக்கு வேணவே வேணாம்” என்றாள் ஸ்வர்ணலதா.

“நீ பேசாத! கையெழுத்து போடு!”

“பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் இருக்கா சார்?” என்று கேட்டாள் ஜெயப்ரியா.

குமரேசன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் திடுக்கிட்டு, “அது மட்டும் வேணாம்ங்க! அந்த வண்டி இருக்கட்டும்!” என்று கையைப் பிடித்தாள். மாட்டிக்கொண்டாள்! அந்தப் பழைய வண்டி இருந்தால்தானே அதில் ஏறிக் கண்ணுக்குத் தெரியாமல் போவாள்?

“மொதல்ல அத எடுத்துக்கினு போம்மா” என்றார், இடுப்புச் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தபடி.

வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. டீக்கடையில், “அது அவ வண்டிப்பா, எனக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல” என்று சொல்லி மானத்தையும் காப்பாற்றியாயிற்று. குமரேசன் வெற்றிச் சிரிப்போடு மனைவியிடம் தன் போனை நீட்டினார்.

“அந்த ஆப்பை இதுல போடு.”

“என் போன்ல போட்டாச்சுங்க. வேற போன்ல போட்டாலும் ஓனர் நம்பருக்குத்தான் ஓடிபி வருதாம்.”

“வந்தா சொல்லு.”

“யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்க. ஒருத்தரையும் நம்பக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

நீட்டிய போனைக் குமரேசன் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். சரி, இரண்டு நாளில் நைசாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் தேசூரில் ஒரு நெசவாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மனதுக்குள் சீனாக்காரனை ஒருமுறை மன்னித்தார். சாயங்காலம் களைத்தவர் போல வீட்டுக்குள் நுழைந்தார்.

“தேசூர்ல வேலை ஆச்சுங்களா?”

“ம்... வெயில் தாங்கல.”

ஸ்வர்ணலதா போனைப் பார்த்தபடி, “தேசூர் எப்பங்க சந்தவாசல் பக்கம் வந்துச்சு?” என்றாள். “பிரியாணிக் கடை வாசல்ல ஒரு மணி நேரம் நின்னிருக்குது. டாக்டரு மட்டன் தொடக்கூடாதுன்னு சொன்னாரு இல்ல? ஏசிய வேற அணைக்காம போய்ட்டீங்க. நான்தான் இங்கேர்ந்து அணைச்சேன்.”

குமரேசன் வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது, அதுவும் மட்டன் வாசனையோடு.

அடுத்த நாள் காலையில் ஸ்வர்ணலதா சேலை மூட்டைகளை வண்டியில் ஏற்றினாள். முன்சீட்டில் அருணகிரியின் மனைவி சுபலட்சுமி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க போறே?” என்றார் குமரேசன்.

“வியாபாரத்துக்குங்க.”

“எப்ப வருவே?”

“வியாபாரம் முடிஞ்சப்பறம்ங்க.”

“எனக்கு நெஜமாவே தேசூர் போவணுமே!”

“ஜல்தியா போனீங்கன்னா ஒம்பது மணி பஸ்ஸ புடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் கொஞ்சம் புகையையாவது விட்டுவிட்டுப் போயிருக்கும். எதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்றே குமரேசனுக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தேசூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு ஆள், குமரேசனைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நகர்ந்தது. அருணகிரி! கையில் சாயப் பொடிப் பை. தினமும் காலையில் இவர் பையோடு நடப்பதைக் குமரேசன் பார்த்திருக்கிறார். சர்க்கரைக்காக நடக்கிறார் என்று நினைத்திருந்தார். உலகத்தையே சந்தேகப்பட்டவர், இந்த ஒரு ஆளைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டார்.

“டேய் அருணகிரி! போன்ல அத்தினியும் தெரியும்னியே?”

“தெரியும்ணா. என் வூட்ல சுபலட்சுமிக்குத் தெரியும், வண்டிச் சாவியும் அவ இடுப்புலதான். உங்க வூட்ல அண்ணிக்குத் தெரியும்.”

“அத எங்கிட்ட வந்து சொல்லச் சொன்னது யாரு?”

“அண்ணிதான்.”

“அடப்பாவி! உன் கதிதான் எனக்கும் ஆவும்னு தெரிஞ்சும் ஏண்டா சொன்னே?”

அருணகிரி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து குமரேசனுக்கு இடம் விட்டார்.

“தெனமும் ஒண்டியா பஸ்ஸுக்கு நிக்கறது பேஜாரா இருந்துச்சுணா.”