ஏழரை அண்ணனின் வலது காது

தேனி ஜில்லாவில் மனிதராகப் பிறந்த எவரும் நேருக்கு நேர் நின்று பேசாத ஒரே ஆள் எங்கள் ஏழரை அண்ணன்தான். கலெக்டர் முன்னால் நேராக நிற்பார்கள். போலீஸ்காரர் முன்னால்கூட, நடுங்கிக்கொண்டாவது, நேராகத்தான் நிற்பார்கள். ஏழரை அண்ணன் எதிரே வந்தால் மட்டும் எல்லோருடைய கால்களும் தாமாகப் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்துவிடும். சனீஸ்வரன் சந்நிதியில் நேரே நிற்கக் கூடாது, ஓரமாக ஒதுங்கித்தான் கும்பிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அந்த மரியாதையை அப்படியே அவருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஏனென்றால் அண்ணன் மேடையில் சனீஸ்வரன் வேஷம் போடுகிறவர்.

நான் பழனிசெட்டிபட்டியில் மாவு மில் வைத்திருப்பவன். படிப்பு எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் தீபம் ஏற்றுகிறவன். அந்த ஐயன் புண்ணியத்தில் மில்லும் ஓடுகிறது, குடும்பமும் ஓடுகிறது. அப்படிப்பட்ட எனக்கு மூன்று வீடு தள்ளி அந்த ஐயனின் வேஷக்காரரையே குடிவைத்ததும் ஐயனின் விளையாட்டுத்தான்.

அண்ணன் நாடக செட்டில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது வாயில் காப்போன் வேஷம். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் கொட்டாவி விடுவார். சின்னமனூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில், சனீஸ்வரன் வேஷக்காரருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. வேறு ஆள் இல்லை. ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு இவருக்குக் கறுப்பு வேட்டியைக் கட்டிவிட்டார்கள்.

கதை தெரிந்ததுதான். குற்றம் குறை இல்லாத ராஜா. அவரைப் பிடிக்க முடியாமல் சனீஸ்வரன் காத்துக் கிடக்கிறார். ஒருநாள் ராஜா அவசரமாகக் கால் கழுவுகிறார், குதிகாலில் தண்ணீர் படவில்லை. அந்த இடத்தைப் பார்த்துச் சனீஸ்வரன் சொல்ல வேண்டிய வசனம், "குதிகால் நனையலடா!" அண்ணன் அதைச் சொன்ன சொல்லில் ராஜா மட்டுமல்ல, மிருதங்கக்காரர்கூடத் தன் காலைத் திரும்பிப் பார்த்தார்.

நாடகம் விடிந்து முடிந்ததும் ஜனம் வீட்டுக்குப் போகவில்லை. தெருக்குழாய் முன்னால் வரிசையாக நின்று குதிகாலைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தது. கைக்குழந்தையின் குதிகாலையும் விடவில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி காலி. குடிக்க, சமைக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. "பாத்தியா, ஊரையே சனி புடிச்சிருச்சு!" என்றார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ஏழரை. அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது என்று கேள்வி.

ஊர் பயந்ததில் தப்பில்லை. அண்ணனும் அந்த வசனத்தை மேடையோடு விட்டுவிட்டு வரவில்லை. யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் போவது குதிகாலுக்குத்தான். நாம் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் நம் காலுக்குக் கிடைக்கும்.

டீக்கடை மாஸ்டர் அடுப்புக்குப் பின்னாலிருந்து கையை வளைத்து, கிளாஸை ஓரமாக நீட்டுவார்.

"ஏன் மாஸ்டர், மூஞ்சியப் பாத்துக் குடுத்தா டீ திரிஞ்சு போயிருமா?"

"அட நீங்க வேறண்ணே, இங்கன நின்னாத்தான் காத்து வருது."

"குதிகால்ல பித்தவெடிப்பு இருக்கு, பாரு."

மறுநாள் முதல் மாஸ்டர் செருப்புக்குப் பதில் கேன்வாஸ் ஷூ.

பஸ்ஸில் அவரோடு போவது ராஜபோகம். கம்பம் பஸ் எவ்வளவு கூட்டமாக வந்தாலும் அவருக்குப் பக்கத்து சீட், எதிர் சீட் இரண்டும் காலியாகிவிடும். ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் என் மாவு மூட்டை உட்காரும்.

உலகத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசிய ஒரே ஜீவன் அண்ணி. அதுவும் ஏசுவதற்கு. "பருப்பு வாங்கியாரச் சொன்னா எள்ளு வாங்கிட்டு வந்து நிக்கிறீகளே, வீட்லயும் வேசமா?" என்று இடுப்பில் கைவைத்து நேரே நின்று கேட்பார். அண்ணன் அப்போது அண்ணியின் குதிகாலைக்கூடப் பார்க்காமல் விட்டத்தைப் பார்ப்பார்.

நாடகம் குறைந்த காலத்தில் அண்ணன் சினிமாவுக்குள் நுழைந்தார். நுழைய அவர் எங்கும் போகவில்லை, சினிமாதான் இங்கே வந்தது. மலையும் வயலும் ஆறும் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கிறதே, எங்கள் பக்கம் படப்பிடிப்புக்கா பஞ்சம்? பெரிய மீசை, முழங்கும் குரல். ஊர்ப் பெரியவர், பஞ்சாயத்தில் உட்காருபவர், தேர் இழுப்பவர் என்று கூப்பிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு படப்பிடிப்பிலும் உள்ளூர் ஆள் ஒருவன் இருப்பான். லைட் தூக்குகிறவனோ, சாப்பாடு பரிமாறுகிறவனோ, கேமராக்காரர் காதில் மெதுவாக ஓதிவிடுவான். அவ்வளவுதான், கேமரா ஓரமாக நகர்ந்துவிடும். சினிமாக்காரர்களுக்கு இல்லாத பயமா? பூசணிக்காய் உடைக்காமல் பொத்தானை அமுக்க மாட்டார்களே.

ஆக, அண்ணன் நடித்த எல்லாப் படத்திலும் அவருடைய வலது காது நடித்திருக்கிறது. தெருவே சேர்ந்து தேனிக்குப் போய்ப் படம் பார்ப்போம். பஞ்சாயத்து சீன் வந்ததும், "அந்தா வந்துருச்சு, அந்தா வந்துருச்சு!" என்று எழுந்து கத்துவோம். யாரோ ஹீரோ வருகிறார் என்று மற்றவர்கள் தேடுவார்கள். வருவது காது.

அண்ணி முதல் படத்துக்கு மட்டும்தான் வந்தார். வெளியே வந்ததும் சொல்லிவிட்டார். "காதப் பாக்கவா நான் பூ வச்சிக்கிட்டுக் கெளம்பி வந்தேன்? முழு மூஞ்சி வர்ற அன்னிக்குச் சொல்லுக, வாரேன். அதுவரைக்கும் கொட்டகைப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்." அண்ணன் சிரித்து மழுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை படப்பிடிப்புக்குப் போகும்போதும் முகத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு போனார். வந்து என் மில்லில் உட்கார்ந்து, "இன்னிக்கும் காதுதான் தம்பி" என்பார். மில் சத்தத்தில் அது காதில் விழாத மாதிரி நான் மாவை அள்ளுவேன்.

ஒருமுறை யோகம் வந்தது. புது டைரக்டர், கேரளத்துக் கேமராக்காரர். வீரபாண்டிப் பக்கம் வயல். அண்ணனுக்குத் தலைவர் வேஷம், ஒரு வசனம்: "மடையத் தெறந்து விடுங்கப்பா." லைட்காரன் வழக்கம்போல ஓதினான். கேமராக்காரர் சிரித்துவிட்டார். "எனக்கு அதொண்ணும் பேடி இல்லா, ஒரு பயமும் இல்லா. சேட்டா, நேரே நோக்கு. லென்ஸ நோக்கு." இந்த மகராசனை ஐயனே அனுப்பினார் என்று வேடிக்கை பார்க்கப்போயிருந்த நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தாழ்வாக வைத்து எடுக்க வேண்டும் என்று அவர் வரப்பில் உட்கார்ந்து, கேமராவுக்கு இரண்டு பக்கமும் கால்களை நீட்டிக்கொண்டார். செருப்பில்லாமல் வாய்க்காலைக் கால்விரல் ஊன்றித் தாண்டி வந்தவர். முன்பாதம் மட்டும் ஈரம். நீட்டிய இரண்டு குதிகாலும் காய்ந்து, வெள்ளை வெளேரென்று, அண்ணனுக்கு நேர் எதிரே.

டைரக்டர் கைகாட்டினார். அண்ணன் லென்ஸைப் பார்த்தார். மீசை துடித்தது. கண் இறங்கியது. நான் "ஐயா, வேண்டாம்" என்று மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை.

"குதிகால் நனையலடா!"

மலையில் பட்டுத் திரும்பி வந்தது குரல். கேமராக்காரர் "எண்ட அம்மே!" என்று பின்பக்கமாக நாற்றங்காலில் விழுந்தார். எழுப்பியபோது குதிகால் மட்டுமல்ல, உச்சந்தலையும் நனைந்திருந்தது. அடுத்த டேக்கில் கேமரா எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? வலது காது.

இந்த நிலைமையில்தான் என் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பெரியகுளம், மாந்தோப்புக் குடும்பம். அண்ணனைக் கல்யாணத்துக்கு அழைப்பதா என்று என் வீட்டில் பஞ்சாயத்து. நல்ல காரியத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் பலகாரம் வரும், அதுவும் ஓரமாக நீட்டிய கையில்.

என் மனைவி செல்வி, "ஏங்க, நல்ல மனுசருதான், நான் இல்லேங்கல. ஆனா மணவறைக்கு நேர உக்காந்து பொண்ணு காலப் பாத்து அந்த வசனத்தச் சொல்லிட்டாகன்னா?" என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஆனால் வாரா வாரம் அந்த ஐயன் காலடியில் விளக்கேற்றிவிட்டு, அவர் வேஷம் போட்டவரை வாசலோடு நிறுத்துவது எந்த ஊர் பக்தி?

பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அழைப்பது. பவித்ராவே கட்டி ஐயன் படத்துக்கு முன்னால் போட்டாள். செல்வி கண்ணை மூடி எடுத்தாள். வெள்ளை.

"இன்னொருக்காப் பாப்போம்."

மறுபடி கட்டினாள். வெள்ளை.

"அவருக்கு வேண்டிய ஆளுக்கு அவரு எதுக்குச் செவப்பு குடுக்கப் போறாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டே செல்வி தாம்பாளத்தை எடுத்தாள்.

பத்திரிகையைக் கொடுத்தபோது அண்ணன் வாங்கத் தயங்கினார். "மறுநா வாரேன் தம்பி. சம்மந்தகாரவுக சங்கடப்படுவாக." அண்ணி உள்ளேயிருந்து வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். "மொத ஆளா வருவாக. நான் கூட்டியாரேன்."

கல்யாணத்துக்கு வந்தார்கள். ஆனால் அண்ணன் மணவறைப் பக்கமே வரவில்லை. பந்திக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டார். தாலி கட்டும் கெட்டிமேளத்தையும் அங்கிருந்தே கேட்டு, குழாயைப் பார்த்துக் கும்பிட்டார். பந்தி பரிமாறுகிறவர் வந்து சொல்ல, அட்சதை போட்ட கையோடு நான் அங்கே போனேன்.

வீடியோக்காரர் குமுளிக்காரர், விவரம் தெரியாதவர். எல்லோரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டே வந்தவர், விளக்கைப் போட்டு அண்ணன் முகத்துக்கு நேரே கேமராவை நிறுத்தினார். "ஐயா, பொண்ணு மாப்பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை."

அண்ணன் திகைத்து ஓரமாக நகர்ந்தார். கேமராவும் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தார். சுவர் வந்துவிட்டது.

அண்ணி வீடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு கத்தினார். "கீழ பாக்காதீக! எதுன்னாலும் நிமிந்து சொல்லுக! காலப் பாக்காதீக!"

வீடியோக்காரர் பூட்ஸ் போட்டிருந்தார். ஐயன் கருணை.

அண்ணன் தொண்டையைச் செருமினார். மேடைக் குரலில் "யாம்..." என்று ஆரம்பித்தார். பந்தியில் பாதிப் பேர் திரும்பினார்கள். என் சம்மந்தி கையில் எடுத்த அப்பளம் உடைந்தது. அண்ணன் நிறுத்தினார். பிறகு வீட்டுக் குரலில் சொன்னார்:

"கண்ணு பவித்ரா, உங்க ரெண்டு பேரையும் எதுவும் புடிக்காது. நான் சொல்லிட்டேன். தைரியமா இருங்க."

 சம்மந்தி இலையை விட்டு எழுந்தார். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். அவர் அண்ணனுக்கு எதிரே, நேர் எதிரே, எச்சில் கையோடு போய் நின்றார். "ஐயா, எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்குது. மாங்கா பூவோட கொட்டுது. எனக்கும் அதே மாதிரி ஒரு வார்த்த சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் அவர் மச்சான். அதற்குப் பின்னால் பெரியகுளத்திலிருந்து வந்த வேன் முழுக்க. எல்லோரும் அண்ணன் முகத்துக்கு நேரே. சமையல்காரர் வந்து, "ரசம் ஆறுது, சாமி" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

வீடியோ வந்ததும் அண்ணனையும் அண்ணியையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். டிவி முழுக்க அண்ணன் முகம். மீசை, நெற்றி, இரண்டு கண், எதுவும் குறையவில்லை. அண்ணி அன்றைக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். "இந்த மூஞ்சியத்தான் தெனமும் பாக்குறேனே, என்ன அதிசயம்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போடு தம்பி" என்றார்.

மறுவீட்டுக்கு வந்திருந்த பவித்ரா அப்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், அன்றைக்குக் கட்டிய பொட்டலம் எல்லாவற்றிலும் வெள்ளைப்பூதானாம். செல்வி வாயைப் பிளந்தாள். நான் ஐயன் படத்தைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல ஒன்றும் தெரியாதவர் மாதிரிதான் இருந்தார்.

 வீடியோ மூன்றாம் தரம் ஓடி முடிந்த பிறகு அண்ணன் மெதுவாக, "வலது காது சரியா விழல தம்பி" என்றார். செல்வி காபி கொண்டுவந்தாள். ஓரமாகப் போகவில்லை. நேரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, "சீனி போதுமாண்ணே?" என்று கேட்டாள். காபியை வாங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இப்போது மில்லில் என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். மாவு அரைக்க வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால், "அங்கன வேண்டாம், அண்ணன் வர்ற நேரம்" என்று எழுப்பிவிடுகிறேன். அவர் வருகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் குதிகாலை நனைத்துக்கொண்டு வந்து உட்காருகிறேன். அப்போதுதான் அவர் கண் நேராக என் முகத்துக்கு வரும்.