கைவீச்சு அண்ணாத்தேயின் ஐந்து விநாடிகள்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை, ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே குரலில் திட்டிய ஒரே மனிதர் எங்கள் கைவீச்சு அண்ணாத்தேதான். எழுபதுகளில் அவர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவார். ஞாயிறு மாலைகளில் எங்கள் செம்மண் மைதானத்தில் கூடைப்பந்து நடுவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு விதி. பந்தைப் பிடித்து நிற்பவனை எதிரணிக்காரன் ஓர் எட்டு தூரத்தில் நெருங்கி மறித்தால், ஐந்து விநாடிக்குள் அவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். இல்லை, எறிய வேண்டும். தவறினால் விசில். மற்ற நடுவர்கள் மனசுக்குள் எண்ணுவார்கள், அல்லது எண்ணியதாக நினைத்துக்கொள்வார்கள். இவரோ கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் கையை வீசி வீசி எண்ணுவார். பக்கத்தில் நிற்பவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவது வழக்கம்.

சும்மா அருகில் நின்றாலும் போதாது. ஒருமுறை பூந்தமல்லி ஆட்டக்காரன் ஒருவன் பந்தோடு நின்ற எங்கள் ஆளுக்கு எதிரே நின்றபடி, சாலையில் போன கல்யாண ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தான். அண்ணாத்தேயின் கை அசையவில்லை.

"இன்னா அண்ணாத்தே, எண்ணலியா?" என்று பூந்தமல்லி அணி அலறியது.

"அவன் மாப்ளைய காவல் காத்துகினு கீறான். நான் இன்னாத்த எண்றது?"

அந்த வருட இறுதி ஆட்டமும் பூந்தமல்லியோடுதான். எங்கள் கேப்டன் சேவியர், அண்ணாத்தேயின் கூடப்பிறந்த தம்பி. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியும் நேரம். சேவியர் பந்தைக் கட்டிப்பிடித்து நின்றான். எதிரே ஒரு தடியன் வந்து மறித்தான். அண்ணாத்தேயின் கை வீசியது. நான்கு எண்ணியதும் தடியன் சறுக்கி, தள்ளிப் போய் விழுந்தான். கை நின்றது.

"தம்பிக்கு சலுகையா?" என்று பூந்தமல்லிக் கூட்டம் கொதித்தது.

"கீய கெடக்கறவன் எப்பிடி மறிப்பான்? எயுந்து வரட்டும், மொதல்லேர்ந்து எண்றேன்!"

சேவியர் இதை ரத்தபாசம் என்று புரிந்துகொண்டான். புன்னகையோடு, பந்தைப் பிள்ளையைப்போல் அணைத்தபடி அப்படியே நின்றான். தடியன் எழுந்து வந்தான். கை மறுபடி ஒன்றிலிருந்து கிளம்பியது. "போட்றா டேய்!" என்று நாங்கள் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. ஐந்து. விசில். பந்து கைமாறி எங்கள் கூடையில் விழுந்தது, கோப்பையும் கூடவே போனது.

கோப்பையை ஏந்தியபடியே பூந்தமல்லி அவரைத் திட்டியது, முதல் எண்ணிக்கையை நிறுத்தியதற்காக. நாங்கள் திட்டியது இரண்டாவதை முடித்ததற்காக. கூட்டம் கலைந்ததும் அவர் கூடைக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். சேவியர் எதிரே போய் நின்றான்.

"ஏண்ணே, ஒரு தபா கண்டுக்காம வுட்டா இன்னா?"

"எண்ணும்போதே மாதாவ வேண்டிகினேன்டா, பந்த வுட்டுடணும்னு. நீ வுடலியே."

சேவியர் சைக்கிளைத் திருப்பினான். "குந்துண்ணே, ஊட்டுக்குப் போலாம்."

அடுத்த வருடம் வேறு நடுவரைப் போடலாமா என்று போட்டி நடத்துபவர்கள் கேட்டார்கள். "எங்கண்ணனே ஊதட்டும்" என்று சேவியர்தான் முதலில் கை தூக்கினான். அடுத்த நொடி, தோற்ற நாங்கள் எல்லோரும் தூக்கினோம்.