சவுரிமுத்து நிப்பு வென்ற படலம்

வாழ்க, சிமெண்ட் மூட்டைகளின் கூற்றுவன்! வாழ்க, முடிச்சூர் முதல் ஊரப்பாக்கம் வரை வானளாவி நிற்கும் அடுக்குமாடிகளையெல்லாம், அவை எழும்பும் முன்பே தன் முதுகில் ஒருமுறை சுமந்து எடைபார்த்துவிட்ட மலைத்தோள் மன்னன், ரோஸி மணாளன், சவுரிமுத்து!

நாற்பத்து நான்காம் அகவையில் மாதா கோயில் மாலை வகுப்பில் சப்பணமிட்டு அமர்ந்து, அகரக் கோட்டையை முற்றுகையிட்டு, ஆய்தம் ஈறாக அத்தனை எழுத்தையும் சிறைபிடித்த அப்பெருமகன், முதல்நாள் அழுத்திய அழுத்தத்தில் நோட்டுக்குள் பல தாள் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. அன்று தொட்டு, தாளுக்கு நோகுமே என்றஞ்சி, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகிற எறும்புபோல், பொடியினும் பொடியாய், மெலிதினும் மெலிதாய் எழுதலானார்.

அவ்வண்ணமிருக்க, மகள் ஜோவிதாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. கவரின்மேல் உறவினர் பெயரும் முகவரியும் எழுதும் உரிமை அக்குலத்தில் ரோஸியின் தம்பி, முத்தெழுத்துச் செல்வன் ஜெஃப்ரியிடமே வழிவழியாய் இருந்தது. அதைப் பறித்தார் சவுரிமுத்து. “எம் பொண்ணு கண்ணாலத்துக்கு எங் கையாலதான் பேர் போடுவேன்!” என்று அவர் சூளுரைத்தபோது மின்விசிறியே ஒரு கணம் நின்றது (மின்வெட்டு).

ஆனால் கவரோ சொரசொரத்த தடித்தாள். பால்பாயிண்ட் பேனாவோ அழுத்தினாலன்றி அசையாத கல்நெஞ்சன். நம் வீரன் எழுதியது எழுதிய அவருக்கே தெரியவில்லை.

“இன்னா மச்சான், கவர் காலியா கீது? பேய்ங்களுக்கா பத்திரிகை வெக்கிற?” என்று நகைத்தான் ஜெஃப்ரி. “சாயங்காலம் நானும் அக்காவும் குன்றத்தூர் சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் பத்திரிகை வெக்கக் கெளம்புறோம். அதுக்குள்ள நீ எழுதலன்னா நான் எழுதிக்கிறேன். மூட்டை தூக்குற கைக்கு இது பேஜாரு மச்சான்.”

மை பேனாவுக்கு அழுத்தம் வேண்டாம் என்று எவரோ சொல்லக் கேட்டிருந்த சவுரிமுத்து, அக்கணமே ஷேர் ஆட்டோ என்னும் தேரில் ஒன்பதாம் ஆளாய்த் தொற்றி, ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி விண்ணை மறைக்கத் தாம்பரம் புகுந்தார். ரயில் நிலையத்தருகே, கண்ணாடி அலமாரிகளை ஆளும் தீபலட்சுமியின் எழுதுபொருள் கடையே போர்க்களம்.

முதலில் களம் கண்டது பொன்முலாம் பூண்ட பருத்த பேனா. வெற்றுத்தாளைக் கண்டால் உச்சியில் சின்னச் சிலுவை இட்டே தொடங்குவது அவர்தம் வழக்கம். கையோடு கொண்டுவந்த வெற்றுக் கவரில் இட்டார். ஆகா, என்ன கம்பீரம்! “இதான்!” என்று காசைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று ‘ஜோவிதா’ என்றெழுத, தடித்த நிப்பு கக்கிய மையில் அந்தப் பொடி எழுத்துகளின் வயிறெல்லாம் அடைத்து, சேற்றில் படுத்த எருமை மந்தையாய்க் கிடந்தாள் மணமகள்.

திரும்பினார். மாற்றாய் வந்தது கொசுக்கொடுக்கு அன்ன கூர்நிப்புப் பேனா. மீண்டும் சிலுவை; மீண்டும் கம்பீரம்; மீண்டும் வாசல். இம்முறை நிப்பு ‘ஜோ’வின் வளைவில் தாளின் நாரைக் கவ்விக்கொண்டு, நாய் வாயில் அகப்பட்ட செருப்புபோல் விடமாட்டேன் என்றது.

“அண்ணா, நீங்கதானே நல்லா எழுதுதுன்னீங்க?” தீபலட்சுமியின் குரலில் போர்முரசின் முதல் அடி கேட்டது. வெளியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெஃப்ரி இந்நேரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். அந்த நெருக்கடியில், அடுத்த ஆளுக்கு அவள் பில் எழுதத் தொடங்கினாள். உச்சியில் பழக்கமாய் ஒரு பிள்ளையார் சுழி இட்டாள். சவுரிமுத்துவின் விழிகள் விரிந்தன. வளைவு!

“எம்மா! எங்க சிலுவ நேரா கீது. எந்தப் பேனாவும் அதுங்கிட்ட நல்ல பேரு வாங்கிகினு பூடுது. உங்க சுழியப் போட்டுப் பாத்துக்கட்டுமா?”

“தாராளமா போடுங்கண்ணா. அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு.”

பின் நிகழ்ந்ததைப் பாட நா ஒன்று போதாது. சிலுவைக்குப் பக்கத்தில் கடுகளவு சுழியிட்டு, கடுகளவு சுழியிட்டு, அவர் முன்னேற, பச்சைப் பேனா பல்லிளித்தது, நீலப் பேனா நீர்விட்டது, வெளிநாட்டுப் பேனா வேர்த்து விறுவிறுத்து வழியிலேயே வறண்டது. கடைசியில், அலமாரி மூலையில் அலங்காரமற்றுக் கிடந்த கறுப்புப் பேனா ஒன்று, தன் எடையே அழுத்தமாய், மெல்லிய நிப்பில் மை முணுமுணுக்க, சுழியின் கண்ணை மூடாமல் சுழன்று வந்தது. அதைக்கொண்டே ‘ஜோவிதா’ என்றெழுதினார். ஜன்னலெல்லாம் திறந்த வீடுபோல் வெளிச்சமாய் நின்றாள் மகள்.

பாய்ந்தது தேர். குன்றத்தூர் செல்லும் பை தோளேறி, ஜெஃப்ரி ஒரு செருப்பை மாட்டிவிட்ட அக்கடைசிக் கணத்தில், தரையில் அமர்ந்து, மூச்சடக்கி, முதல் கவரில் மைத்துனன் பெயரும் முகவரியுமே எழுதி, பகைவன் முன் அவன் தலையையே வைப்பதுபோல் நீட்டினார் சவுரிமுத்து. திசைகள் எட்டும் செவிசாய்த்தன. கண்ணாடியை ஏற்றி, கவரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எழுத்தெழுத்தாய்ப் படித்து முடித்தான் ஜெஃப்ரி.

“டோர் நம்பர வுட்டுட்ட மச்சான்” என்றான்.

சவுரிமுத்து கவரை வாங்கி டோர் நம்பரை எழுதினார்.